பெயர் இல்லாத பதினோரு பாடல்கள்

மார்ச் 4

அன்புள்ள அப்பா,

இன்று எழுந்ததும் முதல் வேலையாக, சபையின் புதிய பாட்டுப் புத்தகம் ஒன்றை உங்களுக்குப் பொட்டலம் கட்டினேன். தபாலில் வரும். உங்கள் பதினோரு பாடல்களும் இருக்கின்றன. எழுதியவர் பெயர்தான் இல்லை. நம் சபைப் போதகராக இருந்த நீங்கள், அம்மா போன பிறகு கத்தோலிக்கக் குருவாகிவிட்டதில் இங்கே பலருக்குச் சங்கடம். பாட்டுப் புத்தகக் குழுவின் முடிவு அது. ஆர்கன் வாசிப்பவர் நேற்று, "பழைய ஐயா பேரை மட்டும் எலி தின்னுடுச்சாம்மா?" என்றார். சிரித்துவைத்தேன்.

முட்டிவலி எப்படி? மூன்று வருடமாக ஒரே பதில்தான் எழுதுகிறீர்கள்.

உங்கள் மகள்

மார்ச் 11

அன்பு மகளே,

முட்டி பரவாயில்லை. (அதே பதில்!) முப்பது வருடம் 'ஐயா'வாக இருந்தவனை இங்கே 'சாமி' என்கிறார்கள். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து நடந்துவிடுகிறேன்.

புத்தகம் வந்தது. பெயர் போனால் போகட்டும், பாடுகிறவர்கள் என்றைக்கு அதைப் பார்த்தார்கள்? நாற்பத்திரண்டாம் பாட்டில் கடைசிச் சரணத்தைக் காணோம். அது பாட்டை இழுக்கிறது என்று உன் கல்லூரி நாளிலேயே சொன்னவள் நீ. விடமாட்டேன் என்று அடம்பிடித்தவன் நான். வேறு யாருக்கும் அது தெரியாது. நீ சொன்னதுதான் சரி.

மெய்ப்பு நீதானே பார்த்தாய்? நன்றாகப் பார்த்திருக்கிறாய், அம்மா.

அப்பா

மார்ச் 19

அப்பா,

மெய்ப்பு பார்த்தது நான்தான். அந்தச் சரணத்தை எடுத்ததும், பெயரை அடித்ததும் நான்தான். "உங்கப்பா விஷயம், நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க" என்று குழு என்னிடம் விட்டது. பதினோரு இடத்திலும் சிவப்புக் கோடு போட்டேன். அன்று ஓர் இடத்தில்கூடத் தயங்கவில்லை. இப்போது அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

நீங்கள் சபை மாறியதில் எனக்குக் கோபமில்லை. உங்கள் கட்டுரைகளையெல்லாம் தட்டச்சு செய்தவளுக்கு, மனம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாதா? ஒரு வார்த்தை என்னிடம் முதலில் சொல்லியிருக்கலாம். பிரசங்கபீடத்தில் நின்று நீங்கள் அறிவித்தபோது, எல்லோரும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கும் அப்போதுதான் தெரியும் என்பதை இன்றுவரை ஒருவரும் நம்பவில்லை.

நீங்கள் திட்டியாவது எழுதியிருக்கலாம். நன்றாகப் பார்த்திருக்கிறாய் என்று எழுதிவிட்டீர்களே.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, கோடு போட்டது குழு இல்லை, நான் என்று சொல்லப்போகிறேன். அடுத்த அச்சில் உங்கள் பெயரைப் போடச் சொல்லிக் கேட்பேன். கொடுப்பார்களா, தெரியாது. உங்கள் மாப்பிள்ளையிடம்கூடச் சொல்லவில்லை, "எதுக்கு வம்பு?" என்பார், நானும் உட்கார்ந்துவிடுவேன். சொல்லி முடித்த பிறகுதான் இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போடுவேன்.

உங்கள் மகள்