ரோல்காலில் இவர் பெயர்

ஆடி 14, செவ்வாய்

செங்கல்பட்டு கிளினிக்கில் இன்று இவருக்கு ஆறாவது முறையாக, மனச்சோர்வுக்கான கீட்டமின் மருந்தை ஏற்றினார்கள். அதற்கு முன்னால் டாக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "செத்துடலாம்னு நெனப்பு வருதா?"

"இல்ல சார். எல்லாம் சரியா கீது."

பட்டாளத்தை விட்டு நான்கு வருடமாகியும், மேலதிகாரிக்குச் சொல்வது போலத்தான் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மதுராந்தகம் ஏரி மதகிலிருந்து இவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தவள் நான். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் வாயைத் திறக்கவில்லை. வேற்று மனிதர் முன்னால் புருஷனைப் பொய்யனாக்க வேண்டாமென்று பார்த்தேன். முட்டாள் நான். டாக்டர் சந்தோஷமாக, இனி மாதம் ஒருமுறை போதும் என்று எழுதிவிட்டார்.

மருந்து ஏறியதும் இவர், பட்டாளத்தில் பெயர் கூப்பிட்டு ஆஜர் பார்ப்பது போல, ரோல்கால் எடுக்க ஆரம்பித்தார். அங்கே இவரோடிருந்து குண்டுவெடிப்பில் செத்துப்போன ஐந்து பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவர்களுக்காக இவரே "ஹாசிர் சார்" என்று ஆஜர் சொன்னார். கடைசியில் "ஏழுமலை" என்று தன் பெயரைச் சொன்னார். அதற்கு மட்டும் பதில் இல்லை.

"மருந்து அப்படித்தாம்மா, எதனா பேசிகினே இருப்பாங்க," என்றாள் நர்ஸ்.

காலையில் டாக்டருக்கு போன் செய்து ஏரி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இவர் கோபித்தால் கோபிக்கட்டும்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சற்று முன், வீட்டில் படுத்திருந்த இவர் முதுகுப் பக்கம் குனிந்து, "ஏழுமலை" என்றேன். தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

சுவரைப் பார்த்தபடியே, "கீறேன், நீ படு," என்றார்.

டாக்டருக்குச் சொன்ன அதே குரல்.