தோலுக்கு உள்ளே

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. போன மாதம் எனக்கு நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? அதற்கு முன்னால் உங்களுக்கு நடந்ததுதான் நினைவுக்கு வருகிறது.

மலத்தோடு ரத்தம் போவதை ஒரு வருஷம் மறைத்தீர்கள். "மூலந்தாம்ல, சூடு" என்று மோரைக் குடித்துவிட்டுத் தாராவித் தோல் கிடங்குக்கு வேலைக்குப் போனீர்கள். அங்கேயே மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மலக்குடலில் புற்று என்றார்கள். குடலின் கடைசிப் பகுதியை அறுத்தெடுத்து, மிச்சக் குடலின் நுனியை வயிற்றின் இடப்பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்தார்கள். இனி மலம் அந்த வழியாகத்தான்.

கட்டைப் பிரித்த அன்று அக்கா முகத்தை மூடிக்கொண்டாள். நீங்கள் மட்டும் கண்கொட்டாமல் பார்த்தீர்கள். மாதுளை நிறத்தில், ஈரமாக, தானாகவே சுருங்கி விரிந்தது அது. விரலால் தொட்டீர்கள். வலிக்கவே இல்லை.

"ஆயுசு பூரா தோலைப் பாத்தவம்ல நான். அதுக்கு உள்ள என்ன நடக்குன்னு இன்னைக்குத்தான் பாக்கேன். நான் ஒறங்கும்போதும் இது வேலை செஞ்சிருக்கே, தங்கராசு!"

கோயிலுக்குள் பேசுகிற மாதிரி அவ்வளவு மெதுவாகச் சொன்னீர்கள். அந்த வார்டில் வேறு யாராவது அப்படி வியந்திருப்பார்களா?

தினமும் காலையில் அந்தத் துளை வழியாக ரப்பர் குழாயால் தண்ணீர் விட்டுக் குடலைக் கழுவ நர்ஸ் கற்றுக்கொடுத்தாள். மூன்று மாதத்தில் அது நேரத்துக்குப் பழகிவிட்டது. துணிப்பட்டையைச் சுற்றிக்கொண்டு மறுபடி கிடங்குக்குப் போனீர்கள். "கக்கூஸ் லைன்ல இனி நீங்க நில்லுங்கடே" என்று நீங்கள் சொல்ல, நம் சால் குடியிருப்பே சிரித்தது. நாலு வருஷம். பிறகு நோய் ஈரலுக்குப் போய், உங்களையும் கொண்டுபோய்விட்டது.

போன மாதம் எனக்கும் ரத்தம் வந்தது. யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. அக்காதான் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தாள். "அவுக வெக்கப்பட்டு ஒரு வருசத்தைத் தொலைச்சாக. நீ நாளைக்கே போ."

உங்களுக்கு ஆபரேஷன் செய்த அதே டாக்டர்தான். விளக்கு வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்த்து, மொச்சைக்கொட்டை அளவுக் கட்டி ஒன்றைச் சுட்டு எடுத்தார். புற்று இல்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கும் என்றார். எனக்குள் இருந்ததை எனக்கே தெரியாமல் இன்னொரு மனுஷர் பார்த்துவிட்டாரே என்று பிரமித்துப்போய்க் கிடந்தேன்.

"உன் அத்தான் எப்படி இருக்கிறார்?" என்று இந்தியில் கேட்டார். சொன்னேன். கழுவிய கையையே மறுபடி மறுபடி கழுவினார்.

நேற்று குர்லா ஒர்க்‌ஷாப்பில், பக்கத்து லேத்தில் நிற்கிற காசிம் என் காதோடு ஒரு விஷயம் சொன்னான். அவனுக்கும் பத்து நாளாக ரத்தமாம். வீட்டில் தெரியாதாம்.

நாளைக்கு லீவு போட்டிருக்கிறேன், அத்தான். அவனைக் கூட்டிக்கொண்டு போவேன். அவன் பேரைக் கூப்பிடும்வரை பெஞ்சில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அவன் எழுந்து ஓடப் பார்த்தாலும் கையை விடமாட்டேன்.

என்றும் உங்கள் மச்சினன்,
தங்கராசு