கிரெஸ்விக் துரையின் நாற்காலி

சால்ஸ்பரி சட்டசபை இதனால் அறிவிப்பது: உங்கள் மகன் தக்கவிராவுக்கு நாற்காலி துடைக்கும் இலாகா ஒதுக்கப்பட்டது.

அம்மா, நம் ஊர் வழக்கப்படி, நீங்கள் நன்றாகத் தூங்கியிருந்தால் நானும் நன்றாகத் தூங்கினேன். சீமையிலிருந்து நம் நாட்டுச் சுரங்கத்துக்கு வந்து, சட்டசபை உறுப்பினராகி, மந்திரியாகி, நம் மேய்ச்சல் நிலத்தைப் பிடுங்கச் சட்டம் போட்ட கிரெஸ்விக் துரை போன மாதம் செத்துப்போனார். இன்று மத்தியானம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவரைப் போலவே கனைத்து, "நிலம் ஊராருக்கே" என்றேன்.

என்னோடு துடைக்கும் மஷோகோ, "இறங்குடா மந்திரி, இருக்கை இன்னும் ஆறலை" என்று சிரித்தான். தொட்டுப் பார்த்தேன், சுட்டது. முதுகுக்குப் பின்னால் செத்த துரையின் அதே கனைப்பு: "அந்த ஊர் மேய்ச்சல் நிலத்தை எடுக்கிறோம். ஆட்சேபம் உண்டா?"

நான் அசரவில்லை, உடனே பதில் கொடுத்தேன்.

தடித்த போர்வை ஒன்று அனுப்புங்கள், இலாகாவோடு கொடுத்த தனி அறை குளிர்கிறது. தபால்காரர் நிற்கிறார்.

அம்மா, எழுந்து நின்று "ஆட்சேபம் இல்லை துரை" என்றுதான் சொன்னேன். ஊரில் சொல்லாதீர்கள்.