மூன்று பத்திகளில் ஒரே சொல்

புது மிக்ஸியின் பெட்டியைப் பிரித்ததும் அச்சு மை வாசம் அடித்தது. உள்ளே இருபது மொழிகளில் ஒரு கையேடு. என்னையறியாமல் அல்பேனியப் பக்கத்தைத் தேடினேன். முதல் வரியிலேயே ‘பாஸ்’ என்ற சொல் இருந்தது. மிக்ஸியை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் சின்ன விஷயத்துக்கே உடம்பு அசந்துவிடுகிறது.

மறைமலை நகரில் இப்படிப்பட்ட கையேடுகளைத் தயாரிக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் உனக்கும் எனக்கும் அடுத்தடுத்த நாற்காலி. வெளியிலிருந்து வரும் மொழிபெயர்ப்புகளைப் பக்கங்களில் சேர்ப்பது என் வேலை. கடைசியாகச் சரிபார்ப்பது உன் வேலை. அன்று டச்சு, ஆப்பிரிக்கான்ஸ், அல்பேனியன் என்று மூன்று பத்திகளிலும் ‘பாஸ்’ என்ற ஒரே சொல் நின்றது. டச்சு வார்த்தை தவறிப்போய் அல்பேனியனுக்குள் நுழைந்துவிட்டது என்று நினைத்து, உன்னைக் கேட்காமல் அழித்தேன். உனக்கு அன்று நல்ல காய்ச்சல். அவசரமாகப் புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாய்.

அது குக்கருக்கான கையேடு. ‘ஆறிய பிறகு திறக்கவும்’ என்ற எச்சரிக்கை, அல்பேனியப் பத்தியில் ‘பிறகு’ என்ற அந்தச் சொல் மட்டும் இல்லாமல் அச்சாகிவிட்டது. அச்சடித்த மொத்தமும் குப்பைக்குப் போனது.

மேலாளர் நம் இருவரையும் கூப்பிட்டு, “யாரு பண்ண வேலை இது?” என்றார்.

“கடைசியா பார்த்தது நான்தான் சார். என் மிஸ்டேக்” என்றாய். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மாதத்தோடு உன்னை நிறுத்திவிட்டார்கள்.

கடைசி நாள், தாம்பரம் திரும்பும் ரயிலில் அந்தச் சொல்லைப் பற்றியே பேசினாய்.

“தேடிப் பார்த்தேன்டி. டச்சுல பாஸ்னா காலடி, ‘இப்பதான்’னும் அர்த்தம் உண்டு. லத்தீன்லேர்ந்து பிரெஞ்சு வழியா வந்தது. நம்ம பஸ் பாஸுக்கும் மூலம் அதுதான். ஆப்பிரிக்கான்ஸ் டச்சுலேர்ந்து பிரிஞ்சது, அங்க பொருந்துறதுன்னு அர்த்தம். அல்பேனியன் மட்டும் வேற குடும்பம். பிறகு, பின்னாலன்னு அர்த்தம். சமஸ்கிருத பஸ்சாத்துக்குச் சொந்தம்.”

பொத்தேரியில் கல்லூரிக் கூட்டம் ஏறியது. சத்தம் அடங்கியதும் தொடர்ந்தாய். “பச்சாதாபம்கிறோமே, அதுலயும் இதான் இருக்கு. செஞ்ச பிறகு வர்ற சூடு, வருத்தம்.”

நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. “தலை வலிக்குதுடி” என்றேன். எழுந்து ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தாய்.

அதன்பின் நீ வீட்டில் டியூஷன் எடுத்தாய். வாரம் ஒருமுறையாவது உனக்கு ஃபோன் பண்ணுவேன். நீ நோயில் விழுந்தபோது இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தேன். சுற்றிலும் உறவுக்காரர்கள். சொல்லாமலிருக்க அதையே காரணமாக வைத்துக்கொண்டேன்.

உன் பதினாறாம் நாள் காரியத்தில்தான் உன் கணவரிடம் சொன்னேன். “அந்த வார்த்தையை அழிச்சது நான்தான் சார். அவ இல்ல.”

அவர் முகத்தில் கோபமே இல்லை. “தெரியும்மா. ஃபைல்ல அழிச்ச இடத்துல உங்க பேரு இருந்துதாம், அன்னைக்கே பார்த்துட்டா. நீங்க ஃபோன் பண்றப்பல்லாம், இன்னைக்குச் சொல்லிடுவீங்கன்னுதான் எடுப்பா.”

மழையைப் பற்றி, மின்வெட்டைப் பற்றி, மாவு புளித்துப்போனதைப் பற்றியெல்லாம் உன்னிடம் பேசினேன். ஒவ்வொரு முறையும் முடிக்கும்போது, “வேற என்னடி?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாய்.

“வேற ஒண்ணுமில்லடி” என்று வைத்துவிடுவேன்.

நீ சும்மா இருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் இன்னும் என்னோடு இருக்கிறது.