பேப்பரில் வைத்த சன்னல்

3-10-1955, திங்கள்

திருமயம் பஸ் தாமதம். பேப்பர் வந்தபோது பத்து மணி. வாசகசாலையைத் திறப்பதற்கு முன் அதில் இரண்டு செய்தியைப் பிளேடால் வெட்டி எடுத்தேன். ஒன்று ஐயர் இல்லாமல் நடந்த கல்யாணம். இன்னொன்று யாரோ எம்.எல்.ஏ. பேசியது. பஞ்சாயத்துத் தலைவர் ஆதப்பன் கோடு போட்டுக் கொடுத்தவை. ஊர் கெட்டுவிடக் கூடாதாம். துண்டுகள் அடுப்புக்குப் போயின.

ஏழு வருஷமாக இதே வேலை. எனக்கு வரவேண்டிய வாத்தியார் வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கிக் கொடுத்தவர், எனக்கு இதைக் கொடுத்தார். நான் மறந்துவிட்டதாக நினைக்கிறார்.

6-10-55

சாயங்கால வாசிப்பு. நிலம் உள்ளவர்கள் உள்ளே பெஞ்சில், மற்றவர்கள் வெளியே மண்ணில். நான் வாசற்படியில் நின்று உரக்க வாசிக்க வேண்டும். பேப்பரைத் தூக்கிப் பிடித்தால், வெட்டிய இடத்தின் வழியே, மண்ணில் உட்கார்ந்திருக்கும் இருளாண்டி என்னைப் பார்க்கிறான்.

"பி.ஏ. படிச்சது பேப்பர்ல சன்னல் வைக்கத்தானாய்யா? அதுல என்னதான் இருந்துச்சு?"

சிரித்தார்கள். திமிர் பிடித்தவன். வைகாசியில் அவன் உழுத குத்தகை நிலத்தைத் தலைவர் பிடுங்கியும் வாய் அடங்கவில்லை.

7-10-55

இத்தனை வருஷத்தில் பெஞ்சுக்காரர்களில் ஒருவராவது அப்படிக் கேட்டதுண்டா? ஓட்டையைச் சுற்றிப் படித்துவிட்டு மழையைப் பற்றிப் பேசுகிறார்கள். நான்? கோட்டைப் பார்த்தேன், வெட்டினேன். ஏன் என்று நான் கேட்டேனா?

12-10-55

இன்று தலைவரே நேரில் வந்தார். வெளியேற்றப்பட்ட குத்தகைக்காரர்கள் இந்த மாதக் கடைசிக்குள் மனுக் கொடுத்தால் நிலம் திரும்பக் கிடைக்கலாம் என்று செய்தி.

"இது நம்மூருக்கு வேணாம் நாச்சியப்பா. பயலுக சும்மா கெடக்கட்டும்."

வெட்டினேன். துண்டைத் தன் பையில் வைத்துக்கொண்டார். தை பிறந்தால் பஞ்சாயத்துக் காரியதரிசி வேலை எனக்குத்தான் என்றார். வீட்டில் சொன்னேன். காமாட்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதுவரைக்கும் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

சாயங்காலம் அந்தப் பக்கத்தை வாசிக்காமல் புரட்டிவிட்டேன். இருளாண்டி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

14-10-55

சாயங்கால வாசிப்பில் முந்தாநாள் பேப்பரை எடுத்தேன். ஓட்டை விழுந்த பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, அங்கே இருந்ததை வாசித்தேன். மனு, கடைசித் தேதி, புதுக்கோட்டையில் எந்த ஆபீஸ் — எல்லாம்.

உள்ளே பெஞ்சிலிருந்து நல்லதம்பி சொன்னார்: "அங்கதான் ஒண்ணுமில்லையேப்பா."

"இருந்துச்சு" என்றேன். இன்னொரு தடவையும் வாசித்தேன். இரக்கம் மட்டும் என்று சொல்ல மாட்டேன். ஆதப்பன் மேலுள்ள காய்ச்சலும்தான். இருக்கட்டுமே.

15-10-55

வாசகசாலைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். காமாட்சி சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

20-11-55

ஊரில் யாரும் என்னோடு பேசுவதில்லை. கடையில் கேட்டதை எடுத்து வைத்துவிட்டு அங்கிட்டுத் திரும்பிக்கொள்கிறார்கள். சோர்வாக இருக்கிறது.

மத்தியானம் இருளாண்டி வந்தான். நன்றி கின்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆறு பேர் மனுக் கொடுத்திருக்கிறார்களாம். வைகாசி வரை அவன்தான் உழுதான் என்று சொல்ல ஆள் வேண்டுமாம்.

"சாட்சிக்கு ஒங்க பேரப் போட்ருக்கேன். வியாழக்கெழம புதுக்கோட்டை போற மொத பஸ்ஸுக்கு வந்துருங்கய்யா."

என்னைக் கேட்காமலே போட்டிருக்கிறான். திட்டினேன். நின்று கேட்டுக்கொண்டு போனான்.

வெள்ளை வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.