மீன்கொத்திக்கு ஒரு மனு

மே 5, திங்கள்

காலை எட்டு மணிக்கே அனல். அக்னி நட்சத்திரம் தொடங்கியாயிற்று. அம்மா அரை நாள் லீவு போட்டு, என் வகுப்புத் தோழி ஜெசிந்தாவையும் என்னையும் கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்கு அழைத்துப் போனாள்.

மனு: திருச்சி மாவட்டத்துக்கென்று ஒரு பறவையை அறிவிக்க வேண்டும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி. 9-பி வகுப்பின் 31 கையெழுத்துகள். பறவை ஜெசிந்தா கண்டுபிடித்தது. காவிரிப் பாலத்தில் பஸ் நின்றபோது என் தலையைப் பிடித்துத் திருப்பி, "பாருடி, அந்தரத்துல நிக்குது!" என்றாள். தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கல் போல விழுந்து, மீனோடு எழுந்தது.

வரிசையில் ஒன்றரை மணி நேரம். கவுன்ட்டரில் கண்ணாடி போட்ட ஒரு மேடம். மனுவைப் படிக்கவில்லை, தாளின் உச்சியையே பார்த்தார். அங்கே நான் இரண்டு நாள் வரைந்த அரசுச் சின்னம். கோபுரம், இரு பக்கமும் கொடி. (மேலே சிங்கங்கள் பூனை மாதிரி வந்ததால் அழித்துவிட்டேன்.)

"யாரும்மா வரைஞ்சது?"

"நான்தாங்க."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அரசு சின்னத்த நீங்க போடக் கூடாது. பாக்குறவங்க அரசாங்கமே அனுப்புன கடிதம்னு நெனச்சுக்க மாட்டாங்களா? அதுக்குச் சட்டமே இருக்கு."

பின்னால் நின்ற தாத்தா எட்டிப் பார்த்தார். "மேடம், இது அரசு கோபுரமே இல்லீங்க. எண்ணிப் பாருங்க, பதிமூணு நிலை. எங்க ஸ்ரீரங்கம் ராஜகோபுரம்! எங்க கோபுரத்த நாங்க போட்டா யாரு கேக்குறது?"

வரிசை முழுக்கச் சிரிப்பு. எனக்கு முகமெல்லாம் சூடு. அவர் சொன்னது சரி. தினமும் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்ப்பதையே வரைந்திருக்கிறேன், பாடப்புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்காமல்.

மேடமும் சிரித்துவிட்டார். "நீயே சொல்லும்மா. என்ன வரைஞ்ச?"

ராஜகோபுரம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாங்கிக்கொண்டிருப்பார். ஜெசிந்தா என் கையைக் கிள்ளினாள். ஆனால் படத்துக்குக் கீழே நானே வளைத்து வளைத்து எழுதிய அந்த இரண்டு சொற்கள், 'வாய்மையே வெல்லும்'. அதைப் பார்த்துக்கொண்டு எப்படி?

"அரசு சின்னம்னு நெனச்சுத்தாங்க வரைஞ்சேன்."

மனு திரும்பி வந்தது. கையெழுத்துகள் அதே தாளில், முன்னும் பின்னும்.

பஸ்ஸில் ஜெசிந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வந்ததும், "அரிச்சந்திரி" என்றாள்.

மே 6, செவ்வாய்

நிலவரம்:
ஜெசிந்தா அப்பாவுக்குக் கோவைக்கு மாற்றல். 14ஆம் தேதி சாமான் ஏற்ற லாரி.
ஜூனில் எல்லாரும் பத்தாவது. பிரிவைக் கலைத்துப் போடுவார்கள். 9-பி இருக்காது.
ஆகவே அடுத்த மனு நாளான 12ஆம் தேதி திங்கள்தான் ஒரே வாய்ப்பு.
31 பேரையும் மறுபடி பிடிக்க வேண்டும்.

புதுத் தாள். படம் இல்லை, பூ பார்டர்கூட இல்லை. ஜெ. மன்னார்புரத்திலிருந்து வந்துவிட்டாள், கோபத்தோடுதான். ஸ்ரீரங்கம், சத்திரம் பக்கம் சுற்றி இன்று 12 (நாங்கள் இருவரும் சேர்த்து).

அம்மா: "ஒரு குருவிக்காக இந்த வெயில்ல அலையணுமா நித்தி?" ஆனால் மோர் பாட்டில் இரண்டு கொடுத்தாள்.

மே 7, புதன்

லைப்ரரி. பாடப்புத்தகச் சின்னத்தையும் நன்றாகப் பார்த்தேன். அது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் என்கிறார்கள். நம்முடையது இல்லை. கொஞ்சம் வருத்தம்தான்.

மாநிலச் சின்னங்களான மரகதப்புறா, வரையாடு, செங்காந்தள், பனை, எல்லாம் யாரோ உட்கார்ந்து தேர்ந்தெடுத்தவை. மரகதப்புறாவை 9-பியில் யாரும் நேரில் பார்த்ததில்லை. கேரளத்தில் ஒரு மாவட்டம் தனக்கென்று மரம், பூ, பறவை, ஆமைகூட அறிவித்திருக்கிறது. அப்படியானால் கேட்கலாம்.

எனக்குப் புரிந்தவரை, மாவட்டப் பறவையென்றால்: இங்கே உண்மையாக வாழ வேண்டும். பார்த்ததும் அடையாளம் தெரிய வேண்டும். ஏற்கெனவே வேறு பெரிய பதவியில் இருக்கக் கூடாது (மயில்!). பிறகு வல்லுநர்கள், கோப்பு, அரசாணை. இதற்கெல்லாம் முன்னால் ஒருவர் கேட்டிருக்க வேண்டும்.

மே 8, வியாழன்

தென்னூர். 9 பேர். மொத்தம் 21. செருப்பு வார் அறுந்தது. சேஃப்டி பின் குத்தியாயிற்று.

இரண்டு பேர் ஊரில் இல்லை, ஜூனில்தான் வருவார்களாம். "அவங்க கையெழுத்த நானே போடுறேன், யாருக்குத் தெரியும்?" என்றாள் ஜெ. வேண்டாம் என்றேன். "தெரியும், சொல்லுவேன்னு தெரியும்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மே 10, சனி

மன்னார்புரம் பக்கம் 7. மொத்தம் 28. மிச்சம் சரவணன். எங்கள் கிளாஸ் லீடர், பறவைக்காக வகுப்பில் நடந்த ஓட்டெடுப்பில் மயில் கட்சி. முதல் முறை டீச்சர் பக்கத்தில் நின்றதால் கையெழுத்துப் போட்டான்.

காந்தி மார்க்கெட்டில் அவன் அப்பாவின் வெங்காயக் கடை. மூட்டை மேல் உட்கார்ந்திருந்தான்.

"என்ன, மனு ரிட்டர்னா? மயில்னு மாத்து, இப்பவே போடுறேன்."

"மயில் நாட்டுக்கே பறவை. நமக்கு எதுக்கு இன்னொரு தடவை?"

"மயிலுன்னா எல்லாருக்கும் தெரியும். உன் குருவிய யாருக்குத் தெரியும்?"

"அதனாலதான் கேக்குறோம்," என்றாள் ஜெ.

"நான் ஒத்துக்கவே இல்ல. ஒத்துக்கிட்ட மாதிரி கையெழுத்து கேக்குறீங்க பாரு, அதுதான் தப்பு."

ஓட்டெடுப்பில் நாங்கள் ஜெயித்தோம், உண்மை. ஆனால் மனுவில் 'வகுப்பே ஒருமனதாக' என்று எழுதியிருக்கவில்லையே தவிர, பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

பேனாவை நீட்டினேன். "கையெழுத்துப் பக்கத்துல உன் ஓட்டு எதுக்குன்னு நீயே எழுது."

மூட்டையிலிருந்து இறங்கிப் பேனாவை வாங்கினான். பிறகு குண்டு குண்டாக எழுதினான்: 'என் வாக்கு மயிலுக்கு. ஆனால் ஒரு பறவை வேண்டும்.' அவன் அப்பா சிரித்துக்கொண்டே ஆளுக்கு ஒரு சோடா வரவழைத்தார். 29.

மே 12, திங்கள்

மேகம். மழை இல்லை. அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை, ஜெ.யின் அம்மா வந்தார்கள். அதே மேடம்.

"படம் எங்க?"

"போடலீங்க."

முழுக்கப் படித்தார். சரவணன் வரியில் நின்று சிரித்தார். '31 பேரில் இருவர் ஊரில் இல்லை' என்ற வரியைப் படித்து என்னை நிமிர்ந்து பார்த்தார். "நடக்கும்னு நான் சொல்ல முடியாது. வனத்துறைக்குப் போகும், பாப்பாங்க."

"பரவாயில்லீங்க. திரும்பவும் கேப்போம்."

கம்ப்யூட்டரில் தட்டினார். பிறகு மெதுவாக, "இந்தப் பறவைய எங்க பாக்கலாம்?"

ஜெசிந்தா முந்திக்கொண்டாள். "காவிரிப் பாலங்க. காலையில, ஸ்ரீரங்கம் போற பஸ்ல இடது பக்க ஜன்னல்."

ஒப்புகைச் சீட்டு வந்தது. மேலே கோபுரம். அவர்கள் போட்டது.

வெளியே வந்து ஜெராக்ஸ் ஒன்று எடுத்தோம். அசல் ஜெசிந்தாவுக்கு, கோவைக்குப் போகிறது. மனுவில் பதில் வர வேண்டிய முகவரி என்னுடையது. நாளை காலை அவளுடன் பாலத்துக்கு.