பென்சிலில் எழுதிய பதில்

நவம்பர் 7, வெள்ளி.

பத்து மணி ஆர்.கே.பேட்டை வண்டியில் இன்று கணக்கெடுக்கும் ஆள் ஒருவன் ஏறினான். எந்த வண்டியை வைப்பது, எதை நிறுத்துவது என்று பார்க்கிறார்களாம். நேற்று கிருத்திகைக் கூட்டத்தில் நிற்கவும் இடமில்லை. வண்டி காலியாகப் போகும் மறுநாள் பார்த்து வருகிறான். அதுவும் பென்சிலில் எழுதினான். பேனா இல்லையா என்றேன்.

"மழையில மை அழிஞ்சிடுதுங்கம்மா." வானத்தில் ஒரு மேகம் இல்லை.

"தினமும் இதுல தான் போறீங்களா?" என்று கேட்டான்.

பின் இருக்கையில் எங்கள் தெரு வக்கீலின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவர்கள் கார் பழுதாம். "எப்பவாவது தான். பையன் சென்னையிலிருந்து கார் அனுப்பிடுவான்" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டான். கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

நடத்துனர் இலவச டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "இன்னாம்மா, கார்லாம் வருதா? எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்றார். அவருக்குத் தெரியும். படுக்கையிலிருக்கும் அக்காவுக்கு மதியச் சோறு ஊட்ட நான் தினமும் போவது இந்த வண்டியில்தான். இதை நிறுத்திவிட்டால் அடுத்தது மூன்று மணிக்குத்தான். அதுவரை அவள் பசியோடு கிடப்பாள்.

காலையில் அந்தப் பென்சிலைத்தான் சந்தேகப்பட்டேன். இப்போது அவன் என் பதிலை மையால் எழுதிவிடக் கூடாதே என்றிருக்கிறது. நாளையும் வருகிறானாம். கைப்பையில் ரப்பர் எடுத்து வைத்துவிட்டேன்.

அதற்குள் வக்கீல் வீட்டுக் கார் சரியாகிவிட வேண்டும்.